மைதானத்தின் கதவு திறக்கட்டும்!

தூத்துக்குடியில் கடல் இருக்கிறது. துறைமுகம் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பளம் இருக்கிறது. ஆனால் மாலை வேளையில் ஒரு பையன் பந்தைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வந்தால், அதை உதைக்க இடம் இருக்கிறதா?

இது சின்னக் கேள்வி அல்ல. தெருவில் ஆடினால் வண்டிகள் விரட்டுகின்றன. கடற்கரையில் ஆடலாம் என்றால் எல்லாக் கரையும் ஆட்டத்துக்கு ஏற்ற கரை அல்ல. கடைசியில் பையன் வீட்டுக்குத் திரும்பி மூலையில் உட்கார்ந்துவிடுகிறான். பெண்பிள்ளையோ வெளியே வருவதே இல்லை.

ஊரில் கல்லூரிகளுக்கு மைதானம் உண்டு. பொது மைதானமும் உண்டு. அவை எப்படி வந்தன? எதற்கெல்லாம் பயன்படுகின்றன? யாருக்குப் பயன்பட வேண்டும்? ஒவ்வொரு குடும்பமும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

தண்ணீர் சொன்ன பெயர்

திருநெல்வேலிச் சீமையில், செம்மணல் தேரியை ஒட்டிய ஊர்களில், "தருவை" என்று ஒரு சொல் வழங்குகிறது. மழைக் காலத்தில் அங்கே தண்ணீர் அகலமாகப் பரந்து நிற்கும். கோடை வந்தால் வற்றி வெறுந்தரை ஆகிவிடும். அப்படிப்பட்ட ஆழமில்லாத நீர்நிலைக்குத்தான் தருவை என்று பெயர். சாத்தான்குளம் பக்கத்தில் புத்தன்தருவை என்று ஓர் ஊரே இருக்கிறது.

தூத்துக்குடி நகரின் பெரிய விளையாட்டு மைதானத்துக்கும் தருவை மைதானம் என்றே பெயர். தண்ணீரைக் குறிக்கும் சொல், இன்று ஓட்டத்தையும் ஆட்டத்தையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது!

1986-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து தூத்துக்குடி தனி மாவட்டம் ஆயிற்று. இன்று தருவை மைதானம் மாவட்டத்தின் விளையாட்டு அரங்கம். சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் மாவட்டக் கலெக்டர் கொடி ஏற்றுவது அங்கேதான். போலீஸ் அணிவகுப்பும் பள்ளிப் பிள்ளைகளின் கலை நிகழ்ச்சியும் அங்கேதான் நடக்கும். பள்ளி, கல்லூரி ஓட்டப் பந்தயங்கள் அங்கே நடக்கின்றன. போலீஸ் வேலைக்கான உடற்தகுதித் தேர்வும் அங்கே நடந்திருக்கிறது.

ஒரே நிலம், வேலையோ பல. மைதானத்தின் பெருமை அதுதான். அதன் ஆபத்தும் அதுதான்.

மணல்வெளியே மைதானம்

ஸ்டேடியம் என்ற பெயரே இந்தக் கரையில் கேட்காத காலம் ஒன்று உண்டு. அப்போது மணல்வெளியே ஊருக்குப் பொது இடம்.

முத்துக் குளிப்பு நடக்கும் நாட்களில் கரையில் ஒரு தற்காலிக ஊரே எழும்பிவிடும். குளிப்பவர்கள், தோணிக்காரர்கள், வியாபாரிகள், அதிகாரிகள் எல்லாரும் அங்கே கூடுவார்கள். ஒரே மூச்சில் கடலின் அடிக்குப் போய்ச் சிப்பியுடன் மேலே வர வேண்டும் என்றால் உடம்பில் எவ்வளவு பலம் வேண்டும்! அந்தக் குளிப்பு கடைசியாக 1955 முதல் 1961 வரை நடந்தது. அதன் பிறகு நின்றுவிட்டது. உடல் வலுவையே முதலாக வைத்துப் பிழைத்த கரை இது என்பதை மறக்கக் கூடாது.

1908-ம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று பேசினார்கள். கோரல் மில் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்த நாட்கள் அவை. மக்கள் திரண்டு வந்து கேட்டார்கள். அத்தனை பேர் ஒன்றாக நிற்க மண்டபம் ஏது? திறந்த வெளிதான் அவர்களுக்கு மண்டபம்.

கப்பலோட்டிய தமிழர் விளையாட்டிலும் சளைத்தவர் அல்ல. அவர் தம் வரலாற்றைச் செய்யுளாகவே எழுதியிருக்கிறார். சிறு வயதில் தாம் ஆடிய ஆட்டங்களை அதில் வரிசையாகச் சொல்கிறார். ஆடுவதைக் குறைவு என்று அவர் நினைக்கவில்லை.

அவருடைய பெயரால் 1951-ல் தூத்துக்குடியில் ஒரு கல்லூரி எழுந்தது. அதைத் தொடங்கியவர் ஏ.பி.சி. வீரபாகு. அதற்கு முன்பே, 1948-ல், பெண்களுக்காகத் தூய மரியன்னை கல்லூரி வந்துவிட்டது. 1966-ல் காமராஜ் கல்லூரி, 1977-ல் மீன்வளக் கல்லூரி என்று படிப்பு வளர்ந்தது. 1974-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆயிற்று. 2008-ல் நகராட்சி, மாநகராட்சி ஆயிற்று. வீடுகள் பெருகின, கிட்டங்கிகள் பெருகின, லாரிகள் பெருகின. குறைந்தது ஒன்றே ஒன்று: காலி இடம்!

அதனால்தான் கல்லூரி மைதானங்களின் மதிப்பு இன்று உயர்ந்திருக்கிறது.

ஸ்டேடியம் என்றால் என்ன?

ஸ்டேடியம் என்பது கிரேக்கர்கள் கொடுத்த சொல். முதலில் அது ஒரு நீள அளவின் பெயர். ஒலிம்பியா என்ற இடத்தில் அந்த அளவு சுமார் 192 மீட்டர். அவ்வளவு தூரம் ஓடும் பந்தயத்துக்கும் அதே பெயர் வந்தது. பிறகு, பந்தயம் நடந்த இடத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்று ஓட்டப் பந்தயத்துக்கான பாதை ஒரு சுற்றுக்கு 400 மீட்டர். இரு பக்கமும் நேர்க்கோடு. இரு முனையிலும் அரை வட்டம். எட்டுப் பேர் ஓடும் பாதைக்கு மட்டும் ஏறக்குறைய 4 ஏக்கர் நிலம் வேண்டும். நடுவில் உள்ள புல்தரையில் கால்பந்து ஆடலாம், ஈட்டி எறியலாம்.

400 மீட்டர் பந்தயத்தில் வெளிப் பாதையில் ஓடுகிறவர் முன்னால் தள்ளி நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். "அவருக்கு மட்டும் சலுகையா?" என்று கேட்பதும் உண்டு. சலுகை அல்ல. வெளி வட்டம் பெரிது. ஒரே கோட்டில் நிறுத்தினால் வெளியே ஓடுகிறவர் அதிக தூரம் ஓட வேண்டும். அதனால் இரண்டாவது பாதைக்காரரை 7 மீட்டருக்குச் சற்று அதிகமாக முன்னே நிறுத்துகிறார்கள். எட்டாவது பாதைக்காரர் 53 மீட்டர் முன்னே நிற்பார். எல்லாருக்கும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

மைதானம் சொல்லித் தரும் முதல் பாடம் இதுதான். பின்தங்கி இருப்பவனைச் சற்று முன்னே கொண்டு வந்து நிறுத்தினால்தான் பந்தயம் நியாயமாக இருக்கும்.

பத்து வினாடியை வென்ற கல்லூரி

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்று ஒரு வகை உண்டு. பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போக வசதி இல்லாதவர்கள் தங்கள் ஊரிலேயே இரண்டு ஆண்டு படிக்கலாம், தொழில் கற்கலாம். இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901-ல் இது தொடங்கிற்று. இந்தியாவில் 1995-ல் புதுச்சேரியிலும், அடுத்த ஆண்டு சென்னையிலும் இந்த வகைக் கல்லூரிகள் வந்தன. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. ஊருக்காகவே உள்ள கல்லூரி என்று சொல்லலாம்.

கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ என்ற ஆற்றங்கரை நகரம் இருக்கிறது. அங்கே 1916-ல் தொடங்கிய இத்தகைய கல்லூரி ஒன்று, 1928-ல் ஒரு ஸ்டேடியம் கட்டிக்கொண்டது. பிற்பாடு, 1944-ல், ஹியூஸ் என்ற கல்வி அதிகாரியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். கல்லூரிப் பிள்ளைகள் மட்டுமா அதில் ஆடினார்கள்? ஊர்ப் பள்ளிகளின் பந்தாட்டம் அங்கே நடந்தது. சிறிய கார்களின் பந்தயமும் நடந்தது.

1968-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி. அமெரிக்கத் தேசிய ஓட்டப் பந்தயம் அந்தக் கல்லூரி மைதானத்தில் நடந்தது. 100 மீட்டர் தூரத்தைப் பத்து வினாடிக்குள் மனிதனால் ஓட முடியுமா என்று உலகம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அன்று இரவு ஜிம் ஹைன்ஸ் 9.9 வினாடியில் ஓடினார். ரோனி ரே ஸ்மித்தும் 9.9 வினாடி. சார்லஸ் கிரீனும் 9.9 வினாடி! ஒரே இரவில் மூன்று பேர் கைக் கடிகாரக் கணக்கில் பத்து வினாடியை வென்றார்கள். "வேகத்தின் இரவு" என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஹைன்ஸ் 9.95 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். அது மின்சாரக் கருவி கணக்கிட்ட நேரம்.

அந்த அதிசயம் கோடீசுவரர்களின் கிளப்பில் நடக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளும் படிக்கிற ஒரு நகரக் கல்லூரியின் ஓடுபாதையில் நடந்தது.

அதே ஸ்டேடியம் இன்னொரு பாடமும் சொல்கிறது. 1974 முதல் 1976 வரை ஒரு தொழில்முறை பேஸ்பால் குழு அங்கே ஆடிற்று. அந்த ஆட்டத்துக்கு மைதானத்தின் அமைப்பு பொருந்தவில்லை. இடது பக்க எல்லை மிகவும் கிட்டத்தில் இருந்தது. சாதாரண அடி கூட எல்லையைத் தாண்டிப் பறந்தது. ஆட்டம் பெயர் பெற்றது. ஆனால் வேடிக்கைப் பெயர்! எல்லாக் காரியத்துக்கும் ஒரே இடம் ஏற்றதாகாது என்பதற்கு இது சாட்சி.

கடலுக்கு அக்கரையில்

அவ்வளவு தூரம் போவானேன்? தூத்துக்குடிக்குக் கடலுக்கு அக்கரையில் யாழ்ப்பாணம் இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடத்தையே கல்லூரி என்று சொல்வது வழக்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் 1904 முதல் கிரிக்கெட் போட்டி நடந்து வருகிறது. "வடக்கின் பெருஞ்சமர்" என்று அதை அழைக்கிறார்கள். மத்திய கல்லூரி மைதானத்தில் ஆட்டம் நடந்தால் இரு கல்லூரிகளின் பழைய மாணவர்களும் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். போர்க் காலத்தில் சில ஆண்டுகள் போட்டி தடைப்பட்டது. பிறகு மீண்டும் தொடங்கிவிட்டது. சிதறிய ஊர் திரும்பக் கூடுவதற்கு ஒரு மைதானம் துணை நின்றது.

தூத்துக்குடி மாவட்டத்துக்குள்ளேயும் சான்று இருக்கிறது. கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர் போன ஊர். அங்கே செயற்கைப் புல் போட்ட மைதானம் வந்தது. 2021-ம் ஆண்டு டிசம்பரில் ஆடவர் ஜூனியர் தேசிய ஹாக்கிப் போட்டியே அங்கே நடந்தது. அந்த ஊரில் ஆடிப் பழகிய மாரீஸ்வரன் சக்திவேல், 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார். இந்தியா வெண்கலப் பதக்கத்துடன் திரும்பிற்று. இடம் கொடுத்தால் ஆட்டக்காரர் வருவார் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

ஏழு நிமிஷத்தில் ஒரு வாழ்வு

"விளையாட்டால் சோறு கிடைக்குமா?" என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் கவலை நியாயமானது. அவர்களுக்காகவே இந்தக் கணக்கு.

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. ஆண்கள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிஷம் 30 வினாடிக்குள் ஓட வேண்டும். கயிறு ஏறுவது, தாண்டுவது போன்ற சோதனைகளும் உண்டு.

1,500 மீட்டர் என்றால் 400 மீட்டர் பாதையில் மூன்றே முக்கால் சுற்று. உப்பளத்தில் வேலை செய்கிறவர் மகன் புத்தகத்தை இரவு விளக்கில் படித்துவிடலாம். ஓட்டத்தை எங்கே படிப்பான்? விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரத்தில், லாரி வெளிச்சத்துக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடுகிறான். அவன் உயிரைப் பணயம் வைத்துப் பயிற்சி செய்கிறான். பக்கத்தில் கல்லூரி மைதானம் பூட்டிக் கிடந்தால் அது அநியாயம் அல்லவா?

அரை வினாடியில் வேலையைத் தவற விடுகிறவர்கள் உண்டு. அந்த அரை வினாடி ஒரு குடும்பத்தின் கடன். ஒரு தங்கையின் கல்யாணம். ஒரு தாயின் மருந்துச் செலவு. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத இட ஒதுக்கீடும் இருக்கிறது. ஆகவே, மைதானம் வெறும் பொழுதுபோக்கு இடம் அல்ல. அது பிழைப்புக்கு வழி.

பெண்கள் எங்கே?

மாலையில் எந்த மைதானத்தையும் பார்க்கட்டும். நூறு பேர் ஆடினால் அதில் பெண்கள் எத்தனை பேர்? ஆசை இல்லாமல் அல்ல. உடை மாற்ற அறை இல்லை. கழிப்பறை இல்லை. இருட்டினால் விளக்கு இல்லை. "யார் என்ன சொல்வார்களோ" என்ற பயம் வேறு.

400 மீட்டர் ஓட வேண்டிய பெண் எங்கே பழகுவாள்? வாரத்தில் சில நாட்களாவது குறிப்பிட்ட நேரத்தைப் பெண்களுக்கு என்று ஒதுக்கலாம். ஒரு பயிற்சி ஆசிரியை அங்கே நிற்கட்டும். தாய்மார்களும் கூடவே வந்து நடக்கட்டும். அம்மா நடக்கும் மைதானத்தில் மகள் பயமில்லாமல் ஓடுவாள்.

திறந்தால் கெட்டுவிடுமா?

கல்லூரி நிர்வாகிகளுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. "கதவைத் திறந்து விட்டால் புல் அழியும், கண்ணாடி உடையும், சீசா வந்து விழும், யாருக்காவது அடிபட்டால் பொறுப்பு யார்?" என்கிறார்கள். இதை அலட்சியம் செய்ய முடியாது. பொதுச் சொத்து என்றால் எச்சில் துப்பும் இடம் என்று எண்ணுகிறவர்கள் நம் நாட்டில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அதற்குப் பூட்டு ஒரு மருந்து அல்ல, ஒழுங்கே மருந்து. காலை 5 மணி முதல் 8 மணி வரை, மாலை 5 மணி முதல் 8 மணி வரை என்று நேரம் வைக்கலாம். பெயர் எழுதி அட்டை கொடுக்கலாம். கல்லூரி ஆசிரியர், ஊர்ப் பெரியவர், ஆட்டக்காரர் அடங்கிய சிறு குழு பொறுப்பு ஏற்கலாம். தன் பிள்ளை ஆடும் இடத்தில் கண்ணாடிச் சில்லு கிடக்க எந்தத் தகப்பன் சம்மதிப்பான்? பயன்படுத்துகிறவனே காவல்காரன் ஆவான்.

கண்காட்சிக்கும் கூட்டத்துக்கும் மைதானத்தை விடுவது தவறா? தவறில்லை. வாடகை வரட்டும். ஆனால் பந்தலுக்கு அடித்த ஆணி பிடுங்கப்பட வேண்டும். தோண்டிய குழி மூடப்பட வேண்டும். வந்த பணம் மைதானத்துக்கே செலவாக வேண்டும். பந்தய நாட்களும் பயிற்சி நாட்களும் முதலில்; மற்றது பிறகு. விருந்தாளியை உபசரிக்க வேண்டியதுதான்; அதற்காக வீட்டுப் பிள்ளையைப் பட்டினி போடலாமா?

மண்ணையும் மறக்கக் கூடாது

இன்னொரு விஷயம். 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய் மழையைத் தூத்துக்குடி மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தெருக்கள் ஆறாயின, வீடுகள் குளமாயின.

மழைநீர் இறங்க மண் வேண்டும். காலி நிலத்தையெல்லாம் சிமெண்டால் மூடினால் தண்ணீர் எங்கே போகும்? பழையவர்கள் தருவைக்கு இடம் விட்டார்கள். இன்று திறந்த மைதானம் அந்த வேலையில் ஒரு பங்கைச் செய்கிறது. ஓரத்தில் நல்ல வடிகால் வேண்டும். நிழலுக்கு மரம் வேண்டும். "சும்மா கிடக்கிறதே" என்று மைதானத்தில் கட்டடம் எழுப்பப் புறப்படுகிறவர்கள் இதை யோசிக்கட்டும். மைதானம் சும்மா கிடக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் அது ஊருக்காக உழைக்கிறது.

செய்ய வேண்டியது

கோடிக் கணக்கில் செலவழித்துப் புதிய ஸ்டேடியம் கட்டினால்தான் விளையாட்டு வளரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கும் மைதானங்களின் கதவைத் திறப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. குடிக்கத் தண்ணீர், ஒரு கழிப்பறை, நாலு விளக்கு, சுண்ணாம்பால் கோடு போட்ட ஒரு பாதை. இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம்.

கல்லூரிகள் கதவைத் திறக்கட்டும். மாநகராட்சி விளக்கும் தண்ணீரும் தரட்டும். வியாபாரிகளும் கப்பல் முகவர்களும் உப்பு முதலாளிகளும் பந்தும் காலணியும் வாங்கித் தரட்டும். பெற்றோர் தங்கள் பிள்ளைகளை, முக்கியமாகப் பெண்பிள்ளைகளை, மாலையில் ஒரு மணி நேரம் மைதானத்துக்கு அனுப்பட்டும்.

கடலுக்குள் மூழ்கி முத்தெடுத்த கரை இது. முத்துச் சிப்பி இன்று கிடைக்காமல் போகலாம். ஆனால் தெருவுக்குத் தெரு நல்ல முத்துக்கள் இருக்கின்றன. அவற்றை எடுக்க மூச்சடக்கிக் கடலில் குதிக்க வேண்டாம். பூட்டைத் திறந்தால் போதும்!